இருபதாவது பிள்ளை

1

இந்தக் கதை என் கற்பனை இல்லை, திருட்டு. என் அக்கா மாநகரின் நெரிசலான பகுதி ஒன்றில் அரசுத் தொடக்கப்பள்ளித் தலைமையாசிரியை. புதன்கிழமை காலை வகுப்புக்கு வெளியே நின்று போனில் கிசுகிசுத்தாள். அவள் புலம்பப் புலம்ப நான் பேனாவைத் தேடினேன். நல்ல தங்கை!

முதலில் இப்படி ஆரம்பித்தேன்: 'மணி அடித்ததும் புறாக்கள் சிறகடிக்க, அந்தப் பழைய கட்டடம்...' [வேண்டாம். அங்கே புறா இல்லை. மணியும் கெட்டுப்போய்விட்டது, இன்னொரு டீச்சர் கைதட்டுவார்.]

2

நேராகவே சொல்கிறேன். பள்ளியில் இருபதே பிள்ளைகள். வெள்ளிக்கிழமை மாலை அந்த எண்ணிக்கை மேலிடத்துக்குப் போக வேண்டும். ஒன்று குறைந்தாலும் பள்ளியை மூடிவிடுவார்கள். மீதிப் பிள்ளைகள் லாரி ஓடும் பெரிய சாலையைத் தாண்டி வேறு பள்ளிக்குப் போக வேண்டும். அதில் பாதிப் பேருக்கு ஆறு வயது.

புதன்கிழமை ஒரு அம்மா வந்தாள். மருத்துவமனையில் படுக்கை விரிப்புகள் துவைக்கும் பிரிவில் வேலை. மகளுக்கு நல்ல பள்ளி ஒன்றில் இடம் கிடைத்திருந்தது.

"வெள்ளிக்கிழமை மூணு மணிக்குள்ள டி.சி. கொண்டுவரலைன்னா சீட்டு இல்லைன்னுட்டாங்க டீச்சர்."

"பள்ளிக்கூட ரப்பர் சீலைக் காணோம்மா, தேடிட்டிருக்கோம். திங்கட்கிழமை வாங்களேன்" என்றாள் அக்கா.

(இந்த இடத்தில் என் பாத்திரத்தின் மேல் எனக்கே சந்தேகம். அக்காவுக்குப் பொய் வராது. சின்ன வயதில் நான் உடைத்ததற்கெல்லாம் அவள் முகம்தான் வெளுக்கும். பிறகு சரிசெய்கிறேன்.)

3

அக்காவிடம் ஒரு பழக்கம் உண்டு. பாடத்தைத் திக்காமல் வாசிக்கும் பிள்ளையின் புறங்கையில் பள்ளிச் சீலைக் குத்துவாள். அன்று முழுக்க அந்தக் கையில் தண்ணீர் படாது.

டி.சி. கேட்ட அம்மாவின் மகள் இரண்டு வருடமாக எழுத்துக் கூட்டியே திணறியவள். வியாழக்கிழமை ஒரு பக்கத்தை மூச்சுவிடாமல் வாசித்து முடித்துக் கையை நீட்டினாள். அக்கா பூரித்துப்போய், பைக்குள் ஒளித்து வைத்திருந்த சீலை எடுத்துக் குத்திவிட்டாள்.

தவளை தன் வாயால் கெடும். அக்கா தன் கையால் கெட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை அந்த அம்மா மகளின் கையை மேசைமேல் வைத்தாள்.

"ஒரு பள்ளிக்கூடத்துக்கு எத்தனை சீலு டீச்சர்?"

அக்கா பையை மேசைக்கடியில் தள்ளினாள்.

"நேத்து பூரா இதைக் காட்டிக்கிட்டே தெருவைச் சுத்துனா. இவளைப் படிக்க வச்சது நீங்கதான், அதை இல்லைன்னு சொல்லலை. அப்புறம் ஏன் என்னை ஏமாத்துனீங்க?"

இதை அக்கா போனில் என்னிடம் மூன்று முறை சொன்னாள்.

4

முடிவு ஒன்று: அந்த அம்மா மனம் மாறி, மகளை இங்கேயே... [சே!]

முடிவு இரண்டு: கடைசி நிமிடத்தில் புதிதாக ஒரு பிள்ளை வந்து சேர... [எங்கிருந்து? வானத்திலிருந்தா?]

முடிவு மூன்று: அக்கா பிடிவாதமாக 'திங்கட்கிழமை' என்கிறாள். பள்ளி பிழைக்கிறது. அந்தப் பெண் மறுபடி திக்க ஆரம்பிக்கிறாள்.

மூன்றாவதை அக்காவுக்குப் படித்துக் காட்டினேன்.

"உனக்கு இது கதைடி. எனக்கு அந்தம்மா எதிர்ல பெஞ்சுல உக்காந்திருக்கா" என்று போனை வைத்துவிட்டாள்.

5

தள்ளிப்போட்டதைச் சொல்லிவிடுகிறேன். புதன்கிழமை போனில் அக்கா, "என்னடி சொல்லட்டும்?" என்றுதான் கேட்டாள். "சீலைக் காணோம்னு சொல்லு" என்றது நான். எனக்கு அது ஒரு வரி, யோசிக்கக்கூட இல்லை. பொய்யே வராத வாயில் அதைத் திணித்தேன். வெட்கமாக இருக்கிறது.

6

இப்போதுதான் மறுபடி கூப்பிட்டாள்.

"டி.சி. எழுதிட்டேன். 'விலகும் காரணம்'னு ஒரு கட்டம் இருக்கு. அந்தம்மாவைக் கேட்டா, 'நீங்களே எழுதுங்க டீச்சர், உங்களுக்குத் தெரியாததா'ங்கறா. அதை நிரப்பாம சீல் குத்த முடியாது. குத்துனா இந்தப் பத்தொன்பது பேரு என்ன ஆவாங்க? ஜன்னல் வழியா பாத்துட்டே இருக்கேன். ஒரு வரி சொல்லுடி."

நான் எழுதிப் பார்த்தவை: 'இடமாற்றம்.' [பொய்.] 'பெற்றோர் விருப்பம்.' [பழியை அந்த அம்மா தலையில் போடுவது.] 'எங்களால்...'

இனி என் வரியை நம்பி யாரும் எதுவும் செய்ய வேண்டாம். நீங்கள் சொல்லுங்கள், அக்காவிடம் அப்படியே சொல்கிறேன். இப்போது மணி இரண்டு முப்பத்தைந்து. அந்த அம்மா மகளோடு புதுப் பள்ளிக்கு நடந்து போய்ச் சேர இருபது நிமிடம் ஆகும்.