தலை பின்ன ஓர் ஆள்

சலவைக்கூடத்தில் அவளை எல்லோரும் பெரியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அங்கே துவைக்கும் இயந்திரத்தின் வாய் முழங்கால் உயரத்தில் இருக்கிறது, உலர்த்தும் இயந்திரத்தின் வாய் தோளுக்கு மேலே. எந்தப் புண்ணியவான் அப்படி வைத்தானோ, அவன் ஒருநாளும் ஈர விரிப்பைத் தூக்கியிருக்க மாட்டான். குனிந்து அள்ளி, நிமிர்ந்து ஏற்றி, மறுபடி குனிந்து, ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம். இப்படியே பதினோரு வருஷம் ஓடிவிட்டது.

முதலில் தோள் வலித்தது. வலியோடு ஒருவழியாக ஒத்துப்போய்விட்டாள். ஆறு மாதமாகக் கதையே வேறு. வேலையில் இடுப்பைக் கொடுத்து எப்படியோ விரிப்பை மேலே தள்ளிவிடுகிறாள். அறைக்கு வந்தால்தான் மானம் போகிறது. கையைப் பின்னந்தலைக்குக் கொண்டுபோய் முடியை மூன்றாகப் பிரிப்பதற்குள் இரண்டு கையும் நடுங்கிக் கீழே விழுந்துவிடுகின்றன.

"தசை ஓய்ஞ்சு போச்சும்மா, கொஞ்ச நாள் கனம் தூக்காதீங்க," என்றார் டாக்டர். தூக்காவிட்டால் அங்கே அவளுக்கு என்ன வேலை? சரி சரி என்று தலையாட்டிவிட்டு மறுநாளும் போய்த் தூக்கினாள்.

முடியோ இடுப்புவரை. வலைத்தொப்பி தருகிறார்கள், பின்னாத முடி அதில் அடங்குமா? குனிந்து முடியை முன்னால் தொங்கவிட்டு, மடிக்கு நேரே ரப்பர் பேண்டு போட்டுப் பார்த்தாள். நேற்று அது அவிழ்ந்து, நுனி இஸ்திரி உருளையில் மாட்டிக்கொண்டது. பக்கத்தில் நின்றவள் சட்டென்று இயந்திரத்தை நிறுத்தியதால் தப்பித்தாள்.

"நாளன்னைக்கும் இப்படி வந்தா உள்ளே விட மாட்டேன் பெரியக்கா," என்று இன்று சூப்பர்வைசர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "நாளைக்கு லீவுதானே, வீட்ல யாரையாவது பின்னி விடச் சொல்லுங்க."

"சொல்றேன் சார். எம் பொண்ணு நல்லாப் பின்னுவா."

பச்சைப் பொய். பெண்ணும் இல்லை, பிள்ளையும் இல்லை. வீடு என்பது ஒற்றை அறை. கூட இருப்பவளுக்கு ரொட்டி ஆலையில் இரவு வேலை. இவள் உள்ளே வரும்போது அவள் வெளியே போவாள். "பூட்டிக்கோ", "ம்" என்பதோடு சரி, அதற்கு மேல் பேச்சு வளர்ந்ததில்லை. அவளிடம் பின்னி விடச் சொல்லிக் கேட்க நாக்கு எழவில்லை. கௌரவம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கௌரவமாவது மண்ணாவது, பயம். முடியாது என்று அவள் சொல்லிவிட்டால் அப்புறம் அந்த அறையில் எந்த முகத்தோடு இருப்பது?

வேலை விட்டதும் நேரே பெண்களுக்கு முடிவெட்டும் கடைக்குப் போனாள்.

"எவ்வளவும்மா வெட்டணும்?" என்றாள் கடைப்பெண்.

"காது வரைக்கும்."

"இவ்வளவு நீள முடிம்மா. நல்லா யோசிச்சுக்கோங்க."

"யோசிச்சாச்சு."

பெண் கத்தரியை எடுத்தாள். பெரியக்காவுக்கு என்ன தோன்றியதோ, "இரும்மா," என்றாள். "வெட்டுறதுக்கு முன்னாடி ஒரு தடவை பின்னி விடுறியா?"

"வெட்டப்போற முடியை எதுக்கும்மா பின்னணும்?"

"சும்மாதான். யாரும் பின்னி விட்டு ரொம்ப வருஷமாச்சு."

பெண் கத்தரியைக் கீழே வைத்தாள். சிக்கெடுத்தாள், வகிடெடுத்தாள், மூன்றாகப் பிரித்து மெல்லப் பின்னத் தொடங்கினாள். பின்னங்கழுத்தில் அந்த விரல்கள் பட்டுக்கொண்டே இருந்தன. தன்னை இன்னொரு கை தொட்டு எத்தனை காலமாகிறது என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

பின்னி முடித்துவிட்டு, பெண் முதுகுப் பக்கம் ஒரு கண்ணாடியைப் பிடித்துக் காட்டினாள். பின்னல் நூல் பிடித்தாற்போல நேராக இருந்தது.

"கொஞ்சம் கோணலா இருக்கும்மா," என்றாள் பெரியக்கா. "அவிழ்த்துட்டு மறுபடியும் பின்னேன்."