பழி காபரேட்டருக்கு

ஒன்பது வருடமாக டயர் மாற்றிய சிவகுருநாதனுக்கு, ஒரு காரை முழுதாகத் தனியே செய்யக் கிடைத்தது இந்த ஏப்ரலில்தான். கொடுத்தவள் டொறத்தி. ஜேர்மனியின் டுசல்டோர்ஃப் ஓரத்தில், ரயில் பாதைக்குப் பக்கத்தில் இருக்கும் கராஜ் அவளுடையது. தமிழ்க் குடும்பத்தில் இங்கேயே பிறந்து வளர்ந்து, தலைமை மெக்கானிக்குக்கான மைஸ்டர் பரீட்சையும் எழுதியவள். கம்பியூட்டரைச் செருகினால் எந்தக் காருக்கும் நோய் சொல்லிவிடுவாள். வந்திருந்த காரில் செருகுவதற்கு இடமே இல்லை.

மஞ்சள் ஓப்பல், எழுபத்திநாலாம் ஆண்டினது. லிண்ட்னர் என்ற ஓய்வுபெற்ற ட்ராம் சாரதியின் கார். பெற்றோல் மணக்கிறது, ரப்பர் ஹோஸ் எல்லாம் வெடித்துப் போயிருக்கிறது, மாற்றித் தாருங்கள் என்று விட்டுவிட்டுப் போயிருந்தார். போகும்போது தயங்கித் தயங்கி இன்னொன்றும் சொன்னார்: பெற்றோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் காபரேட்டர் காரோடு வந்ததல்ல. முந்தின சொந்தக்காரர் யாரோ ஒரு இத்தாலியக் காபரேட்டரை வாங்கிப் பூட்டியிருக்கிறார்.

"அண்ணை, நான் காபரேட்டரைப் பள்ளிக்கூடப் புத்தகத்தில பாத்ததோட சரி," என்றாள் டொறத்தி. "உங்களுக்கு ஏலுமோ?"

"ஓம்."

"சும்மா ஓம் எண்டு சொல்லாதேங்கோ."

"சும்மா இல்லைப் பிள்ளை. பெற்றோல் வராத காலத்தில யாழ்ப்பாணத்தில மண்ணெண்ணெயில கார் ஓட்டினனாங்கள். பெற்றோல் காருக்கு ஹோஸ் மாத்த ஏலாதே எனக்கு?"

அவள் காரின் சாவியை அவனிடம் நீட்டினாள். "லிண்ட்னரின்ர பழைய கார் கிளப்பில இப்பிடி முப்பது கார் நிக்குது. இது சரிவந்தா வாற பழைய கார் எல்லாம் உங்கட கையில."

"சரிவராட்டி?"

"உங்களுக்குத் தெரியும்தானே."

தெரியும். டயர்தான்.

செவ்வாய்க்கிழமை காரை உயர்த்தினான். பின்னால் உள்ள பெற்றோல் தாங்கியிலிருந்து முன்பக்கம்வரை இரண்டு உலோகக் குழாய்கள் ஒட்டியபடி ஓடின. ஒன்று பெற்றோலை எஞ்சினுக்குக் கொண்டுபோவது. மற்றது, காபரேட்டர் குடித்து மிஞ்சுவதைத் தாங்கிக்குத் திருப்பிக் கொண்டுவருவது. ஆனால் இத்தாலியக் காபரேட்டரில் உள்ளே போகும் வழி மட்டும்தான் இருந்தது, மிச்சம் திரும்புவதற்கு வழியில்லை. அதனால் பூட்டியவன் திரும்பும் குழாயின் முனையில் ஒரு துண்டு ஹோஸைப் போட்டு, அதற்குள் ஒரு போல்ட்டைச் செருகி அடைத்திருந்தான். நல்ல மூளைதான். சிவகுரு அதைப் பார்த்துத் தலையாட்டினான்.

கை வைத்ததும் ஹோஸ்கள் பிஸ்கற் மாதிரி உதிர்ந்தன. முன்னாலும் பின்னாலும் எல்லாவற்றையும் கழற்றிக் குப்பைத் தொட்டியில் போட்டான். கழற்றும்போது வழிந்த பெற்றோலை ஒரு கானில் பிடித்தான், மூன்று லிட்டர் வந்தது. புது ஹோஸை அளந்து வெட்டிக் கையில் எடுத்தபோதுதான் நின்றான். எந்தக் குழாய் எது? இரண்டும் ஒரே தடிப்பு, ஒரே நிறம். அந்தக் காரின் திருத்தப் புத்தகத்தைக் கொண்டுவந்து விரித்தான். அதில் குழாய்கள் காரின் மற்றப் பக்கத்தால் போயின. யாரோ இடையில் மாற்றிப் போட்டிருக்கிறார்கள். படத்தில் இருந்த காபரேட்டரும் இதுவல்ல.

அவன் கலங்கவில்லை. யாழ்ப்பாணத்தில் அவன் தொழில் பழகிய கராஜில் புத்தகமே இருந்ததில்லை. குழாயில் வாயை வைத்து ஊதவேண்டும், அவ்வளவுதான். எஞ்சினுக்குப் போகும் குழாய் தாங்கியின் அடிவரை இறங்கியிருக்கும், ஊதினால் உள்ளே குமிழி அடிக்கும். திரும்பி வரும் குழாய் மேலேயே நின்றுவிடும், வெறும் காற்றுத்தான் போகும். அங்கே இது ஒருநாளும் பிழைபோனதில்லை. தாங்கி மூடியைத் திறந்துவிட்டு, இடப்பக்கக் குழாயை ஊதினான். குபுகுபுவென்று சத்தம் கேட்டது. மற்றதை ஊதவேண்டிய தேவை இல்லை. இடப்பக்கத்தைப் பெற்றோல் இழுக்கும் பம்பில் பூட்டினான், வலப்பக்கத்தைப் போல்ட் வைத்து அடைத்தான். வாயில் இருந்த பெற்றோலைத் துப்பிவிட்டுச் சாவியைத் திருப்பினான். எஞ்சின் உடனே பிடித்தது. டொறத்தி கந்தோர் அறைக்குள் இருந்து பெருவிரலைக் காட்டினாள்.

புதன்கிழமை பக்கத்து ஊரான ராட்டிங்கன் பக்கம் காரை ஓட்டிப் பார்த்தான். பதினாலாவது கிலோமீட்டரில் கார் இரண்டுதரம் இருமிவிட்டு நின்றது. பெற்றோல் முள் நிறைவைக் காட்டிக்கொண்டிருந்தது. டொறத்தி வந்து கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போனாள்.

கராஜில் ஆரூரன் காத்திருந்தான். நாற்பது வயது. பிறேக்கும் மின்சார வேலையும் அவனுடையவை.

"என்னண்ணை, மண்ணெண்ணெய் கேக்குதோ?"

"உன்ர வேலையைப் பார்."

"பாக்கிறன். அதுக்கு ஊர் ஞாபகம் வந்திட்டுதாக்கும், ஒரு சொட்டு விட்டுப் பாருங்கோவன்."

சிவகுரு காபரேட்டரைக் கழற்றினான். உள்ளே கொஞ்சம் அழுக்கு இருந்தது. கழுவினான், ஊதினான், திரும்பப் பூட்டினான். கானில் இருந்த மூன்று லிட்டரையும் தாங்கிக்குள் ஊற்றி இடத்தைத் துப்புரவாக்கினான். கார் பிடித்தது. அழுக்குத்தான், வேறொன்றுமில்லை என்று டொறத்தியிடம் சொன்னான். அன்று நிம்மதியாகச் சாப்பிட்டான்.

வியாழன் காலை இருபத்தைந்தாவது கிலோமீட்டரில் கார் மறுபடி நின்றது. மறுபடி கயிறு கட்டி இழுக்கவேண்டி வந்தது.

இப்போது அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அழுக்கு என்றால் கழுவிய பிறகு ஏன் நிற்கிறது? அழுக்கு இல்லையென்றால் கழுவிய பிறகு ஏன் ஓடியது? பம்பின் ஹோஸைக் கழற்றி எஞ்சினைச் சுழற்றிப் பார்த்தான், காற்றுத்தான் வந்தது. பம்ப் செத்துப்போச்சா? பம்பை மேசையில் வைத்து ஒரு ஜாடிப் பெற்றோலைக் காட்டினான், மாடு மாதிரிக் குடித்தது. தாங்கியில் பெற்றோல் இருக்கிறது. பம்ப் இழுக்கிறது. ஹோஸ் புதுசு. பிறகு எங்கே போகிறது பெற்றோல்? மூன்றையும் திரும்பத் திரும்ப விரலில் எண்ணினான். கணக்கு நேராக வந்தது, கார் மட்டும் நின்றது.

"காபரேட்டர்தான் அண்ணை," என்றாள் டொறத்தி. "காருக்குச் சொந்தமில்லாத சாமான். வேற என்ன?"

"இருக்கும்," என்றான். பம்பைத் துடைத்துத் திரும்பப் பூட்டினான்.

"ஒறிஜினல் இல்லை எண்டாலே எல்லாரும் அதைத்தான் பிடிப்பினம்," என்றான் ஆரூரன், பக்கத்துக் காருக்குக் கீழே படுத்தபடி. "என்ர மகளைக் கேளுங்கோ, வகுப்பில யன்னல் உடைஞ்சா முதல் ஆரைக் கூப்பிடுறவை எண்டு."

இரண்டு மணிக்கு லிண்ட்னர் வந்தார். டொறத்தி அவரைக் காருக்குப் பக்கத்தில் நிறுத்தி ஜேர்மன் மொழியில் விளக்கினாள். சிவகுருவுக்கு முக்கால்வாசி விளங்கியது. வூப்பர்டாலில் ஒருவரிடம் திருத்திய ஒறிஜினல் காபரேட்டர் இருக்கிறது, இத்தாலியனைக் கழற்றி எறிந்துவிட்டு அதைப் பூட்டுவோம், இங்கே கையெழுத்து வையுங்கள் என்றாள்.

லிண்ட்னர் பேனாவை வாங்கினார், ஆனால் எழுதவில்லை. "இருபது வருடம் இந்தக் காபரேட்டர்தான் என்னைக் கொண்டுதிரிந்தது. ஒருநாளும் நின்றதில்லை," என்றார். "பெற்றோலிலும் குறை சொல்லமுடியாது. ஒக்டோபரில் குளிர்காலத்துக்காகக் காரை நிறுத்தும்போது விளிம்புவரை நிரப்பித்தான் வைப்பேன். பாதியாக விட்டால் குளிருக்குத் தாங்கி உள்ளே துருப்பிடிக்கும். எல்லாரும் அப்படித்தான் செய்கிறவர்கள்."

விளிம்புவரை.

சிவகுரு கையில் இருந்த துணியை மேசையில் வைத்தான். அவன் ஊதிப் பழகிய தாங்கிகளில் நாலு விரல் பெற்றோல் இருந்தால் அது பணக்காரன் கார். நிரம்பிய தாங்கி ஒன்றை அவன் அங்கே கண்ணால் கண்டதில்லை. விளிம்புவரை நிரம்பியிருந்தால் மேலே நிற்கும் குழாயும் பெற்றோலுக்குள்தானே நிற்கும். எதை ஊதினாலும் குமிழிதானே.

பாதி உயர்ந்து நின்ற காரின் கீழே குனிந்து போனான். பின்பக்க ஹோஸ் இரண்டையும் கழற்றி இடப்பக்கக் குழாயை ஊதினான். வெறும் காற்றுப் போனது. வலப்பக்கத்தை ஊதினான், ஆழத்தில் எங்கோ குபுகுபுவென்றது. இரண்டு நாளாக அந்தக் கார் மேலே நிற்கும் குழாயால் நுனிப்புல் மேய்ந்திருக்கிறது. மூன்று லிட்டர் ஊற்றினால் அந்த மூன்று லிட்டருக்கு ஓடியிருக்கிறது.

கீழேயே குந்தியிருந்து ஹோஸ்களைக் கையில் எடுத்தான். பேசாமல் மாற்றிப் பூட்டலாம். வூப்பர்டால் காபரேட்டர் வரும், கார் ஓடும், காபரேட்டரால்தான் என்று எல்லாரும் சந்தோசப்படுவார்கள். பழைய கார்கள் அவன் கைக்கு வரும். இத்தாலியன் குப்பைக்குப் போகும். லிண்ட்னரின் சப்பாத்து இரண்டும் டொறத்தியின் மேசையை நோக்கித் திரும்புவது தெரிந்தது.

"பிள்ளை, கையெழுத்து வாங்காதை."

டொறத்தி குனிந்து பார்த்தாள். "ஏன்?"

"காபரேட்டர் நல்ல காபரேட்டர். நான்தான் குழாயை மாறிப் பூட்டிட்டன்."

ஆரூரனின் சுத்தியல் சத்தம் நின்றது. சிவகுரு நடந்ததை முழுக்கச் சொன்னான். பிறகு டொறத்தி லிண்ட்னரிடம் ஜேர்மனில் சொன்னாள், நீட்டிச் சொன்னாள். அதில் எவ்வளவு தன்னைப் பற்றியது என்று சிவகுருவால் பிடிக்கமுடியவில்லை. லிண்ட்னர் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "வாயாலா ஊதினீர்கள்?" என்று கேட்டார்.

"ஓம்... யா."

"உடம்புக்குக் கூடாது," என்றார் அவர். நாளைக்கு வருவதாகச் சொல்லிவிட்டு ட்ராமுக்கு நடந்தார்.

சிவகுரு குழாய்களை மாற்றிப் பூட்டினான். இந்தமுறை ஒவ்வொன்றிலும் வெள்ளை நாடா ஒட்டி அம்புக்குறி கீறினான். டொறத்தி பக்கத்தில் நின்று ஒவ்வொரு கிளிப்பையும் இழுத்துப் பார்த்தாள்.

"கழற்ற முதலே இதைக் கீறியிருக்கலாம்," என்றாள்.

"ஓம்."

"நேற்று ராட்டிங்கன் போகாம நேர அவரிட்டைக் குடுத்திருந்தா? ஒட்டோபான் றோட்டில லொறியளுக்கு முன்னால நிண்டிருப்பார் அண்ணை."

அவன் கடைசிக் கிளிப்பை இன்னொருதரம் இறுக்கினான்.

"இனி முடிஞ்ச வேலையை எனக்குக் காட்டாம ஒண்டும் வெளியில போகாது. விளங்குதோ?"

"ஓம்." பிறகுதான் அந்த 'இனி' அவனுக்குள் இறங்கியது. "அப்ப... டயர்?"

"ஈஸ்டர் கிழமை, குளிர்கால டயர் எல்லாம் கழற்றுற நேரம். ஆர் டயர் மாத்தாமல் இருக்கிறது? நானும்தான் மாத்திறன்."

அது ஓமா இல்லையா என்று அவனுக்கு விளங்கவில்லை. கேட்க வாயெடுத்தான். அவள் டெலிபோனை எடுத்து வூப்பர்டால்காரனிடம் காபரேட்டர் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். காரைக் கீழே இறக்கி, சாவியை எடுத்துக்கொண்டு, அவளுக்குக் காட்டிவிட்டு ஓட்டிப் பார்ப்பதற்காக அவள் பேசி முடிக்கும்வரை வாசலில் நின்றான்.