பெரியப்பா எடுத்த பேச்சு

அன்று காலையிலிருந்தே பெரியப்பாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. தன் கண்ணாடிக் கடையில், ஒரே இழுப்பில் வெட்ட வேண்டிய அலமாரிக் கண்ணாடியை இரண்டு முறை கோணலாக உடைத்தார். மூன்றாவதைத் தொடாமல் கடையைச் சாத்திவிட்டு வந்து, கூடத்தில் குறுக்கும் நெடுக்குமாக நடந்தார்.

மாலையில் சம்பந்தி வீட்டார் வருகிறார்கள். இறந்துபோன தம்பியின் மகள், கணவன் வீட்டிலிருந்து கட்டிய புடவையோடு வந்து ஒரு மாதமாக மாடி அறையில் இருக்கிறாள். வேலைக்குப் போகும்போதெல்லாம் கணவன் அவளை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போனான். அவளைத் திருப்பி அனுப்புவதா என்பது இன்று முடிவாக வேண்டும். பெரியப்பாவின் குடும்பத்தில் மூத்தவரான அவர்தான் பேச்சை எடுப்பார். அவர் எடுத்த போக்கிலேயே மற்றவர்கள் போவார்கள். எடுத்த பேச்சை மாற்றுகிற வழக்கமே கிடையாது.

நடந்தபடியே ஒத்திகை பார்த்தார். “எங்க குடும்பம் எப்பேர்ப்பட்டதுன்னு உங்களுக்கே தெரியும்...” சரிவரவில்லை. “நாலு பேர் மதிக்கிற குடும்பம்...” அதுவும் இடறியது.

மாடிப்படியில் நின்று கேட்ட தம்பி மகள் இறங்கி வந்தாள்.

“எப்படி ஆரம்பிச்சாலும் குடும்பத்துலதான் ஆரம்பிக்கிறீங்க பெரியப்பா. அது ‘அனுசரிச்சுப் போம்மா’ன்னுதான் போய் முடியும். அந்தப் பேச்சுல நான் எங்க இருக்கேன்?”

எனக்கே பாடமா என்று முறைத்தார். கல்யாணப் பேச்சையும் இவர் இப்படித்தான் எடுத்தார், குடும்பப் பெருமை பேசிய வேகத்தில் மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்க மறந்துவிட்டார் என்று பெரியம்மா சமையலறையில் பாத்திரங்களிடம் சொன்னாள்.

வந்தார்கள். தண்ணீர் குடித்தார்கள். எல்லோரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள். பழக்கம் யாரை விட்டது?

“எங்க குடும்பத்துல இதுவரைக்கும் ஒரு பொண்ணு வாழாம வந்து உக்காந்ததில்ல” என்றார்.

சம்பந்தி நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தார். சுவரோரம் நின்றவள் வாசலை நோக்கி நடந்தாள். எங்கே போவாள்? போக அவளுக்கு இன்னொரு வீடு இல்லை.

“நில்லும்மா” என்று பெரியப்பா எழுந்தார். சம்பந்தியிடம் திரும்பினார். “இந்தப் பொண்ண உங்க பையன் ஆட்ட அடைக்கிற மாதிரி உள்ள வச்சுப் பூட்டியிருக்கான்.”

“முதல்ல வேற மாதிரி ஆரம்பிச்சீங்களே, பெரியவரே?”

“அது என் பெருமை. இது அவளுக்கு நடந்தது.” முதுகு வளையாமல் நின்றார். “அவ வரமாட்டா.”

சம்பந்தி என்னென்னவோ சொல்லிப் பார்த்தார். அவர்கள் வாசலைத் தாண்டும்வரை பெரியப்பா உட்காரவே இல்லை.