விரல்கடை இடம்

லிஃப்ட் மெக்கானிக்குக்கு அடங்காத மோட்டார் கிடையாது. இங்கிலீஷில் எ, ஆன், தி என்று மூன்று பொடிசுகள் இருக்கின்றனவே, அவைதான் அவருக்குத் தண்ணி காட்டும். எங்கே எது வரும், எங்கே எதுவுமே வராது என்று குழம்பி, வாடிக்கையாளருக்குப் போகும் பழுது அறிக்கையில் ஒவ்வொரு பொருளின் பெயருக்கு முன்னாலும் ஒரு விரல்கடை இடம் விட்டு எழுதுவார். பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் டீச்சரான அவர் மனைவி காலையில் சாப்பாட்டு மேசையில் அதை நிரப்பித் தருவாள். பதினொரு வருஷமாக இதுதான் அந்த வீட்டு வழக்கம்.

"இங்க ஏன் 'தி'?" என்று ஆரம்பத்தில் கேட்டுப் பார்த்தார்.

"அதெல்லாம் உங்க மண்டையில ஏறாது, கொடுங்க இப்படி."

பிறகு அவர் கேட்கவில்லை.

முட்டி தேய்ந்து, லிஃப்ட் குழிக்குள் ஏணியில் ஏறி இறங்க முடியாமல் போனது. மேற்பார்வையாளர் ஆகிவிட்டால் ஏற வேண்டாம். அதற்கு ஆபீசிலேயே உட்கார்ந்து ஒரு மணி நேரத்தில் ஓர் அறிக்கை எழுதிக் காட்ட வேண்டும்.

பரீட்சை எழுதிவிட்டு மத்தியானமே வீட்டுக்கு வந்தார்.

"எப்படி எழுதினீங்க?"

"பழுதை மூணே நிமிஷத்துல பிடிச்சுட்டேன். எழுதறப்ப கை பாட்டுக்கு இடம் விட்டுட்டே போச்சு. கடைசில நிரப்பலாம்னு பார்த்தா ஒண்ணும் ஓடல. மேனேஜர், 'என்னய்யா இது, பொக்கை வாய் மாதிரி?'ன்னார். 'வீட்ல நிரப்புவாங்க சார்'னு வாய் தவறிச் சொல்லிட்டேன்."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. வேலை வேறொருவருக்குப் போனது.

வகுப்பில் நாற்பது வாண்டுகளுக்குத் தொண்டை வற்றச் சொல்லிக்கொடுப்பவள், இந்த ஒரு மனுஷருக்கு மட்டும் ஏன் சொல்லித்தரவில்லை? யோசிக்க யோசிக்க அவளுக்கு உறைத்தது. அவள் நிரப்பி முடிக்கும்வரை அவர் அவள் தோளில் கை ஊன்றிக் குனிந்து நிற்பார். அந்தக் கை அவளுக்குப் பிடித்திருந்தது.

"தப்பு என் மேலதாங்க," என்றாள்.

"நீ என்ன பண்ணுவ, எனக்குத்தான் ஏறல."

"ஏத்தவே இல்லையே நான்."

அடுத்த பரீட்சைக்கு ஆறு மாதம் இருந்தது. தினமும் காலையில் ஒவ்வோர் இடத்துக்கும் காரணம் சொன்னாள். அவர் தலையைச் சொறிந்துகொண்டே கேட்டார். நாலாம் மாதம் ஒருநாள், அவரே நிரப்பிய அறிக்கையை நீட்டிவிட்டு, வழக்கம்போல அவள் தோளில் கை ஊன்றி நின்றார். பத்தொன்பது இடம். அவள் வரிவரியாகப் பார்த்தாள். பதினெட்டு சரி. கடைசியில் ஒன்று தப்பு. அதைக் கண்டதும் மனசு குதித்தது. குதித்ததை நினைத்து வெட்கமாகவும் இருந்தது.

"என்ன டீச்சர், பாஸா?"

அவள் கை பேனாவைத் தேடியது. எடுத்தாள். அவரிடமே கொடுத்தாள்.

"ஒண்ணு தப்பு. எதுன்னு நீங்களே கண்டுபிடிங்க."

அவர் அவள் தோளிலிருந்து கையை எடுத்துவிட்டு, காகிதத்தோடு எதிர் நாற்காலிக்குப் போய் உட்கார்ந்தார்.