ஐந்தாவது திரி

மானுட நாகரிகத்தின் வரலாறு, நெருப்பை மனிதன் தன் வசப்படுத்திய வரலாறு. லண்டனின் ஹவுன்ஸ்லோவில் அந்த வரலாறு போன வருட ஆண்டுவிழாவோடு முடிவுக்கு வந்தது. பழைய மாணவர் சங்கத்தின் குத்துவிளக்கில் கடைசித் திரியை ஏற்றுவது தலைவரின் உரிமை. தலைவர் ஜம்புநாதன் ஏற்றினார். மெழுகுதிரியை ஊதி அணைத்தார். அந்தப் புகைக்கு மண்டபத்தின் அலாரம் அலறியது. தீயணைப்பு வண்டி வந்து போகும்வரை பட்டுச் சேலைகளும் கோட்டுகளும் வடைத் தட்டுகளோடு மழையில் நின்றன. இனி உள்ளே தீக்குச்சிகூட ஆகாது என்று மண்டபக்காரர்கள் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள்.

ஆகவே இந்த வருடம் விளக்கைத் திரையில் ஏற்றி, அதனோடு சங்கத்தின் இணையத்தளத்தையும் திறந்துவைப்பதென்று செயற்குழு தீர்மானித்தது. தலைவரின் மருமகன் ரதீசன் கம்ப்யூட்டர் கொம்பனி வைத்திருந்தார். மூன்று மாதமாகச் செய்யலாம், செய்யலாம் என்றார். செய்தவள் கனகவல்லி.

கனகவல்லிக்கு ஐம்பத்திரண்டு வயது. விமானங்களுக்குப் போகும் சாப்பாட்டுத் தட்டுகளை அடுக்குவது வேலை; சங்கத்தில் தேநீர்ப் பொறுப்பு. சனிக்கிழமைகளில் கவுன்சில் நடத்தும் அனிமேஷன் வகுப்புக்குப் போனாள். முதல் மாதம் முழுக்க ஒரு பந்தைக் குதிக்கவைத்தாள். தொடக்கத்தையும் முடிவையும் வரைந்து கொடுத்தால் இடையில் உள்ளதை மென்பொருளே நிரப்பிக்கொள்ளும் என்பது அவளுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. வேறெங்கும் இடையில் உள்ளதையெல்லாம் அவளே நிரப்பவேண்டியிருந்தது. பந்து மெல்லச் சுடராகியது. சுடர் வளைந்து நிமிரப் பழக மூன்று வாரம். திரியை மவுசால் சொடுக்கினால்தான் பற்றும்.

விழாவுக்கு நாலு நாள் இருக்க, தலைவர் வந்து பார்த்தார். தலையை ஆட்டினார்.

“நல்லாயிருக்கு தங்கச்சி. கீழ மருமோன்ர கொம்பனிப் பேரைப் போட்டுவிடுங்கோ. பாக்கிற சனத்துக்கு ஒரு மதிப்பா இருக்கும்.”

“அவர் இதில என்ன செய்தவர்?”

“அவர் டிகிரி வச்சிருக்கிறார்.”

“நான் விளக்கு வச்சிருக்கிறன் அண்ணை.”

“உங்களுக்கேன் இந்தக் கரைச்சல்? நீங்கள் தேத்தண்ணியைப் பாருங்கோவன்.”

“அதையும் பாப்பன். அஞ்சாவது திரி பத்தினவுடன என்ர பேர் வரும். அப்பிடித்தான் செய்திருக்கிறன். வேண்டாமெண்டா மருமோனிட்ட ஒரு விளக்குக் கேளுங்கோ.”

தலைவர் கேட்டார். ஆறு வாரம் ஆகும் என்றார் மருமகன்.

விழா நாளன்று மேடையில் மேசை, மேசையில் பூத்தட்டு, பூத்தட்டில் மவுஸ். விருந்தினர்கள் சப்பாத்தைக் கழற்றிவிட்டு ஒருவர்பின் ஒருவராக வந்து, வலது கையால் மவுசை வாங்கிச் சொடுக்கி, அடுத்தவரிடம் பக்குவமாகக் கொடுத்தார்கள். நான்கு திரிகள் எரிந்தன. சனம் கைதட்டியது. தேநீர் வாளியோடு வாசலில் நின்ற கனகவல்லி தட்டவில்லை. ஐந்தாவதற்குத் தலைவரிடம் மவுஸ் வந்தது. அவர் அதை உள்ளங்கையில் வைத்தபடியே ஒலிவாங்கிப் பக்கம் திரும்பினார்.

“நேரத்தைக் கருத்தில்கொண்டு, அடுத்ததாக வரவேற்பு நடனம்...”

முன்வரிசையில் சலசலப்பு. தலைவரின் மனைவி சிவனேஸ்வரி எழுந்தே நின்றுவிட்டார்.

“என்னப்பா செய்யிறியள்? ஒத்தைத் திரியை மூளியா விடுறதே! குடும்பத்துக்குக் கூடாது. கொளுத்துங்கோ!”

“அது கம்ப்யூட்டர் விளக்கு, ஈஸ்வரி...”

“விளக்கு விளக்குத்தான்!”

முந்நூறு பேர் பார்த்தார்கள். கனகவல்லி வாளியைக் கீழே வைத்தாள்.

தலைவர் மவுசை மேசையில் வைத்துச் சொடுக்கினார். ஐந்தாவது சுடர் வளைந்து நிமிர்ந்தது. அதன் நுனியிலிருந்து புகைபோலச் சுருண்டு எழுந்த கோடுகள், திரையின் பாதி அகலத்துக்கு, மெதுவாக எழுத்துகளாயின: ஆக்கம், கனகவல்லி.

தலைவர் ஜம்புநாதன் மவுசை முகத்துக்கு நேரே தூக்கி, வாயால் ஊதினார்.