கடைசி ஆறு சொற்கள்

சுருக்கெழுத்தாளரின் நிழல் ஒரு செவ்வாய்க்கிழமை பதினொன்றே காலுக்கு நாற்காலியை விட்டு எழுந்து நீதிமன்றத்துக்கு வெளியே நடந்தது. அவருடைய விரல்கள் எழுதிக்கொண்டே இருந்தன. நீதிபதி தாளை வாங்கிப் பார்த்தார். ஒரு சொல்கூட விடுபடவில்லை, ஆகவே மேற்கொண்டு விசாரிக்கவில்லை. இருபத்திரண்டு வருடப் பழக்கத்தில் காது கேட்பதைக் கை எழுதிவிடும். நடுவில் ஆள் தேவையில்லை. மனம் போன இடத்துக்கு இப்போது நிழலும் போனது, அவ்வளவுதான். ஒரு வாரத்தில் தெருவுக்கே பழகிவிட்டது. "அண்ணே, உங்க நிழல் எங்க கேரம் போர்டுகிட்ட நிக்குது, ஒரு கை சேத்துக்கவா?" என்று எதிர்வீட்டுக்காரர் ஜன்னலிலிருந்து கேட்பார்.

வெட்கக்கேடு வீட்டுக்குள் இருந்தது. கவனிக்காமல் விட்ட ஒலியும் சில நொடிகள் காதில் தங்கும். அடுத்த சத்தம் வந்துதான் அதை அழிக்கும். "நான் என்ன சொன்னேன்?" என்று மனைவி மடக்கும்போதெல்லாம் அந்த மிச்சத்திலிருந்து கடைசி ஆறு சொற்களை எடுத்து நீட்டிவிடுவார். கல்யாணமான நாளிலிருந்து மாட்டியதில்லை.

மார்பில் கட்டி இருக்கிறது, அறுத்துப் பரிசோதிக்க வேண்டும் என்று அவள் சொன்ன மாலையில், நிழல் சுவரேறி ஜன்னலைத் தாண்டியது. அதைப் பார்த்துக்கொண்டே அவள் பேசி முடித்தாள்.

"என்ன சொன்னேன்?"

"வியாழக்கிழமை ஒன்பது மணிக்கு நீங்களும் கூட வரணும்."

"வார்த்தையெல்லாம் சரிதான்," என்றாள். மறுபடி நினைவுபடுத்தவில்லை.

வியாழக்கிழமை அவர் வேலைக்குப் போனார். மாலையில் அவள் தனியாக வந்து, கையைத் தூக்க முடியாமல் கதவில் சாய்ந்து நின்றாள். "கூட வந்தது யாருன்னு கேட்டாங்க. என்னத்தச் சொல்ல?"

முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று அவருக்குத் தெரியவில்லை. ஆறு சொற்களின் குட்டை அவரே உடைத்தார். பிறகு நிழலை அடக்கப் பார்த்தார். 'போகாதே' என்று காவல் நின்றதில் கவனமெல்லாம் காவலுக்கே செலவாகி, அவள் பேச்சு மறுபடி தவறியது. ஆகவே போவதைத் தடுக்காமல், போனதை ஒப்புக்கொள்ளப் பழகினார். "போயிட்டேன்மா" என்று கை தூக்குவார், அவள் நிறுத்துவாள், நிழல் திரும்பும், முதலிலிருந்து தொடங்குவாள்.

பரிசோதனை முடிவை ஐந்தாம் முறைதான் முழுதாகச் சொல்ல முடிந்தது. கட்டி நல்லதல்ல, எட்டுத் தடவை மருந்து ஏற்ற வேண்டும். அவர் எதையும் திருப்பிச் சொல்லவில்லை. "உனக்குப் பயமா இருக்கா?" என்று கேட்டார்.

முதல் தடவை மருந்து ஏறும்போது கட்டிலருகே உட்கார்ந்திருந்தவர், தலையைக் குனிந்தபடி கையைத் தூக்கினார். "அக்கா, சார் நிழல் வெளிய போகுது, கதவைச் சாத்தட்டுமா?" என்றாள் நர்ஸ்.

"திறந்தே இருக்கட்டும்மா," என்றாள் மனைவி. "வந்துடும்."