மேசை ஓரத்து ரப்பர்

“கையால தட்டுனா போதாது. தலையால முட்டிக் காட்டும்வே, பாப்போம்” என்றார் மேனேஜர் பரமசிவன்.

ஜேக்கப் சிரித்தான். முட்டச் சொன்னதைவிட அந்தச் சிரிப்புதான் ஃபிளோராவுக்குக் குமட்டியது. மேனேஜரின் கண்ணாடி மேசை ஓரத்தில் மாதிரிக்காக ஒட்டியிருந்த கறுப்பு ரப்பரை விரலால் ஒருமுறை நீவிவிட்டு, குனிந்து, நெற்றியால் மோதினான். “இன்னும் கொஞ்சம் பலமா. புள்ள ஓடி வந்துல்லா முட்டிச்சு” என்றார் பரமசிவன். இரண்டாவது முறை மோதியபோது மேசை மேலிருந்த பேனா உருண்டு கீழே விழுந்தது. வரவேற்பு மேசையிலிருந்து வேடிக்கை பார்க்க வந்திருந்த ஹம்ஸினி கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டாள். “பாத்தீங்களா சார், ஒண்ணும் ஆகல” என்று நிமிர்ந்த ஜேக்கப்பின் நெற்றியில் ரப்பரின் வரிகள் பதிந்திருந்தன. விழுந்த பேனாவையும் அவனே எடுத்து வைத்தான்.

கையில் ஒரு ஃபைலோடு கதவருகே நின்றிருந்தாள் ஃபிளோரா. அந்த ஆள் தன் புருஷன் என்பது அந்த அறையில் தன்னையும் அவனையும் தவிர யாருக்கும் தெரியாது என்பது ஒன்றுதான் அவளுக்கு ஆறுதல்.

அது மனை விற்கிற கம்பெனி. அம்பாசமுத்திரம் சாலையில் நெல் விளைந்த வயல்களை வாங்கி, மண்ணடித்து மேடாக்கி, மஞ்சள் கல் நட்டு, ஒவ்வொன்றுக்கும் ஏதாவது ஒரு பூவின் பெயரை இங்கிலீஷில் வைத்து விற்றார்கள். விற்ற லாபத்தில் வண்ணார்பேட்டையில் மூன்றாவது மாடியில் புது ஆபீஸ். துபாயில் எங்கோ பார்த்துவிட்டு வந்த முதலாளி அதே மாதிரி மேசைகள் வேண்டுமென்றார். மொத்தக் கண்ணாடி, இரும்புச் சட்டம், கத்தி மாதிரி ஓரம். அங்கே நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்ப்பவர்களைப் பற்றி யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. வந்த முதல் வாரத்திலேயே பெண்களின் தொடையெல்லாம் கன்றிப்போயிற்று. ஹம்ஸினியின் புதுச் சேலை ஒன்று கிழிந்தது. ஃபிளோரா போய்ச் சொன்னபோது, “பாத்து நடக்கணும்மா. மேசையா நடந்து வந்து இடிக்குது?” என்றார் பரமசிவன். தன் பதிலின் அழகை அன்று முழுவதும் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

பிறகு முதலாளியின் பேரப்பிள்ளை வந்தது. ஓடியாடிய பிள்ளை பரமசிவனின் மேசை முனையில் முட்டி, புருவத்துக்கு மேல் கிழிந்துவிட்டது. அதைத் தூக்கிக்கொண்டு செருப்பில்லாமல் மூன்று மாடி இறங்கி ஓடியவர் பரமசிவன்தான். அன்றிலிருந்து அவருக்குப் பாதுகாப்பைப் பற்றி ஞானம் பிறந்துவிட்டது. ஊழியர் நலனே தன் மூச்சு என்பதுபோல் பேச ஆரம்பித்தார். “ஓரத்துக்கெல்லாம் ரப்பர் பீடிங் ஒட்டிரலாம். ஒரு ஆளு இருக்கான், வரச் சொல்லிருக்கேன்” என்றார். அந்த ஆள் ஜேக்கப்பாக இருப்பான் என்று ஃபிளோரா எண்ணிப் பார்க்கவில்லை. பாளையங்கோட்டையில் இந்த வேலையைச் செய்கிறவன் வேறு எவன் இருக்கிறான் என்று அவளுக்கு முன்பே தோன்றியிருக்க வேண்டும்; தோன்றவில்லை.

கல்யாணத்தின்போது ஜேக்கப் கப்பலில் இருந்தான். சரக்குக் கப்பலில், எஞ்சின் அறையில். உவரியில் அவள் அப்பா வியாகுலத்துக்கு அதில் அவ்வளவு பெருமை. தான் நாட்டுப்படகில் மட்டுமே போனவர் என்பதால், மருமகனைப் பற்றிப் பேசும்போது கையை வானளவுக்கு உயர்த்திக் கப்பலின் உயரத்தைக் காட்டுவார். நான்கு வருஷத்துக்கு முன் தென்கடலில் ஏதோ ஒரு புயலில் கப்பல் சாய்ந்தபோது ஜேக்கப் தூக்கி எறியப்பட்டு, கருவிகள் வைக்கிற இரும்பு மேசையின் ஓரத்தில் போய் விழுந்தான். விலா எலும்புகள் முறிந்தன. அதெல்லாம் கூடிவிட்டது. டாக்டரும் போகலாமென்றார், கம்பெனியும் கூப்பிட்டது. இவன்தான் போகவில்லை. “எனக்குப் பயமா இருக்கு, ஃபிளோரா” என்று ஒரு ஆண்பிள்ளை பெண்டாட்டியிடம் பகல் வெளிச்சத்தில் சொன்னான்.

எலும்பு முறிந்ததற்கு அவள் அழுதாள். பயத்துக்கு அழ அவளுக்குத் தெரியவில்லை. அவள் குடும்பத்தில் கடலில் செத்துப் போனவர்கள் உண்டு. போனவரின் தம்பி மறு மாதமே வலையை எடுத்துக்கொண்டு அதே தண்ணீரில் இறங்கியிருக்கிறார். பயம் இருந்திருக்கும், யார் இல்லையென்றது? அதை வாய்விட்டுச் சொல்லிவிட்டு வீட்டில் உட்கார்ந்துகொண்டவன் இவன் ஒருவன்தான். கொஞ்ச நாள் சும்மா இருந்தான். பிறகு எங்கிருந்தோ இந்த ரப்பர் சுருளைக் கொண்டுவந்தான். உலகத்தில் கூராக இருக்கிற ஓரங்களுக்கெல்லாம் ரப்பர் ஒட்டிவிட்டால் யாருக்கும் அடிபடாது என்று அவனுக்கு ஒரு எண்ணம். முதலில் வீட்டிலேயே தொடங்கினான். சாப்பாட்டு மேசை, கட்டில், அலமாரி, கடைசியில் மாதா சுரூபம் இருந்த பலகைக்கும். ஜெபமாலை சொல்ல உட்கார்ந்தால் மெழுகுவர்த்தி வாசனைக்குப் பதில் பசை நாற்றம்தான் மூக்கில் ஏறியது.

இந்த வேலைக்காக நேர்காணலுக்கு வந்தபோது பரமசிவன், “வீட்டுக்காரரு என்ன செய்யுதாரு?” என்று கேட்டார். “கப்பல்ல இருக்காரு” என்று அவள் வாய் தானாகச் சொல்லிவிட்டது. அதுவரை நிற்க வைத்துப் பேசிக்கொண்டிருந்தவர் “உக்காருங்க” என்றார். அந்த ஒரு ‘உக்காருங்க’வை இழக்க அவளுக்கு மனசில்லை. வீட்டில் ஜேக்கப்பிடம், “எங்க ஆபீஸ் பக்கம் மட்டும் வந்துராதீங்க” என்று சொல்லி வைத்தாள். அவனும் ஏன் என்று கேட்கவில்லை. ரப்பர் ஒட்டுகிறவன் பெண்டாட்டி என்று சொல்லிக்கொள்ள வெட்கம் போலிருக்கிறது என்று எடுத்துக்கொண்டான். அவனைக் கப்பலில் ஏற்றி அனுப்பிவிட்டதை அவள் சொல்லவில்லை.

நெற்றியால் முட்டிக் காட்டிய அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் கைப்பையைக்கூடக் கழற்றாமல் கேட்டாள்.

“வாரேன்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலையா?”

“சொன்னா விட்டிருப்பியாட்டி?”

“அந்த ஆளு தலையால முட்டுன்னு சொன்னா முட்டிருவீங்களா? அத்தன பேரும் சிரிச்சாங்க.”

“சிரிக்கட்டும். வேலை கெடச்சுதுல்லா. மொத்த ஆபீஸும் நமக்குத்தான்” என்றான், ஏதோ கோட்டையைப் பிடித்துவிட்டவன் போல. பிறகு குரலைத் தாழ்த்தி, “நாளைக்கு வந்து ஒட்டணும். ஒன்ன யாருன்னே தெரியாத மாதிரி இருந்துக்கிடுதேன். நீ கவலப்படாத” என்றான்.

அவன் மறுத்திருந்தால், கத்தியிருந்தால், ‘நான் வந்தா ஒனக்கு என்ன கேவலம்’ என்று ஒரு தட்டையாவது தூக்கி எறிந்திருந்தால், கொஞ்சம் மதித்திருப்பாள். இந்தப் பணிவை வைத்துக்கொண்டு என்ன செய்வது? உள்ளே போய்ச் சோற்றை வடித்தாள்.

மறுநாள் சொன்ன வாக்கைச் சுத்தமாகக் காப்பாற்றினான். “வணக்கம் மேடம்” என்றான், ஹம்ஸினிக்குச் சொன்ன அதே அளவில். ஒவ்வொரு மேசையாக மண்டியிட்டு, ஓரத்தைத் துணியால் துடைத்து, காகிதத்தை உரித்து, ரப்பரை அழுத்தி அழுத்தி ஒட்டிக்கொண்டே வந்தான். கழுத்தில் துண்டு, சட்டைப்பையில் கட்டர். மதியத்துக்கு மேல் அவள் மேசைக்கு வந்தான். “மேடம், காலக் கொஞ்சம் தள்ளி வச்சுக்கிடுங்க.” அவள் நகர்த்தினாள். கண்ணாடி வழியே அவன் உச்சந்தலை தெரிந்தது. முடி கொட்டத் தொடங்கியிருக்கிறது என்பதை அவள் இதுவரை கவனித்ததில்லை. எரிச்சல் கொஞ்சம் கூடியது.

பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த ஹம்ஸினிக்குப் பேசாமலிருக்க முடியாது. “அண்ணாச்சி, இந்த வேலைக்கு முன்னாடி என்ன பண்ணிட்டிருந்தீங்க?” என்று கேட்டாள்.

“கப்பல்லம்மா. எஞ்சின் ரூமுல.”

ஃபிளோரா சட்டென்று குறுக்கிட்டாள். “ஹம்ஸினி, அந்த அம்பாசமுத்திரம் பார்ட்டிக்குப் போன் போட்டியா?” என்றாள். ஹம்ஸினியின் காதில் அது விழவே இல்லை.

“அய்யோ, ஃபிளோராக்கா வீட்டுக்காரரும் கப்பல்லதான் இருக்கார்! ஒங்களுக்குத் தெரிஞ்சிருந்தாலும் தெரிஞ்சிருக்கும். அக்கா, பேர் சொல்லுங்களேன்.”

மேசைக்கு அடியில் கட்டர் நின்றது. ஜேக்கப் உடனே நிமிரவில்லை. பாதி உரித்த காகிதம் அவன் விரலிலிருந்து தொங்கிக்கொண்டிருந்தது. பிறகு மெதுவாகத் தலையை வெளியே நீட்டி அவளைப் பார்த்தான்.

“அப்படியா மேடம்? சார் இப்ப எந்தப் பக்கம் ஓடுதாரு?”

“பிரேசில்… பிரேசில் பக்கம்.”

“ரொம்பத் தூரம்.”

“போன கிறிஸ்மஸுக்குக்கூட வந்திருந்தாரே” என்றாள் ஹம்ஸினி. “அக்காவுக்குச் சிங்கப்பூர்லேர்ந்து ஒரு சேலை வாங்கிண்டு வந்தார். அந்த நீலம். அப்படி ஒரு கலர் இங்க கிடைக்கவே கிடைக்காது.”

அந்த நீலச் சேலையைத் திருநெல்வேலி டவுனுக்கு அவளோடு போய், கூட்டத்தில் இடிபட்டு, கடைக்காரர் பிரித்துப் போட்ட குவியலிலிருந்து எடுத்துக் கொடுத்தவன் ஜேக்கப்தான். அவன் தலையை ஆட்டினான். “கொடுத்து வச்சவங்க மேடம் நீங்க. கடல்ல நிக்கணும்னா தைரியம் வேணும். சாரு தைரியமான ஆளுதான் போல.”

குரலில் கிண்டல் இல்லை. இருந்திருந்தால் அவளுக்கு ஒரு பிடி கிடைத்திருக்கும்.

பேச்சுச் சத்தம் கேட்டுப் பரமசிவன் அறையிலிருந்து வந்தார். அடுத்தவன் தாழ்ந்திருக்கிற இடத்தை மோப்பம் பிடிப்பதில் அவரைப் போல ஒருவர் ஜில்லாவில் கிடையாது. “என்ன, நீரு கப்பல்லயா இருந்தீரு? பொறவு ஏன்வே ரப்பரத் தூக்கிட்டு அலையுதீரு? கடலு வேண்டாம்னு தள்ளிருச்சோ?”

“ஆமா சார்” என்றான் ஜேக்கப். துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றான். “ஒரு பொயல்ல இரும்பு மேசை ஓரத்துல போயி விழுந்துட்டேன். வெலா எலும்பு முறிஞ்சு போச்சு. தூக்க ஆளு வாரதுக்குள்ள கப்பலு அந்தப் பக்கம் சாயுது, இந்தப் பக்கம் சாயுது. நானும் தரையில உருண்டுக்கிட்டே கெடந்தேன். ஒவ்வொரு தடவையும் அந்த ஓரம் கிட்ட வருது, போகுது. பொறவு ஏறலை சார். பயந்துட்டேன்.”

அவன் இதை இத்தனை வரிசையாக வீட்டில் சொன்னதில்லை. அவள் கேட்டதுமில்லை. யாரும் சிரிக்காதது பரமசிவனுக்குப் பிடிக்கவில்லை. “நீரெல்லாம் ஒரு ஆம்பளையாவே?” என்று சொல்லிவிட்டுச் சிரிப்புக்காகச் சுற்றிலும் பார்த்தார்.

“எம் பொண்டாட்டியும் அதத்தான் நெனைக்கா, சார்.”

ஹம்ஸினி சிரித்துவிட்டாள். பரமசிவன் இன்னும் பலமாகச் சிரித்தார். அந்த முகம் தெரியாத பொண்டாட்டி இப்போது அவர் கட்சி. “புத்தியுள்ள பொம்பள” என்றார். அவர் பார்வை ஃபிளோராவிடமும் வந்து நின்றது, நீயும் சிரி என்பது போல. அவள் சிரித்தாள். உதடுகள் தாமாக விரிந்து பற்கள் தெரிந்ததை அவளே உணர்ந்தாள். நேற்று அவன் நெற்றியால் முட்டிவிட்டுச் சிரித்தானே, அதைவிட இது எந்த விதத்தில் மேல் என்று யோசிக்க நேரமில்லை.

ஜேக்கப் மீண்டும் மண்டியிட்டு, விட்ட இடத்திலிருந்து ஒட்டினான். முனை வந்ததும் ரப்பரில் சின்னதாக ஒரு வெட்டுக் கொடுத்து மடக்கி, பெருவிரலால் வெகுநேரம் அழுத்திப் பிடித்தான். எழுந்து, “சரியா இருக்கான்னு பாத்துக்கிடுங்க மேடம்” என்றான். அவள் கையை வைத்துத் தடவினாள். மெத்தென்றிருந்தது.

நிமிர்ந்தபோது அவன் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். கோபமில்லை. வருத்தமுமில்லை. தெருவில் கிடக்கிற எதையோ மிதித்துவிடாமல் தாண்டுகிறவனின் பார்வை. இந்தப் பார்வையை அவள் எங்கோ பார்த்திருக்கிறாள். எங்கே என்று தேட வேண்டியிருக்கவில்லை. நான்கு வருஷமாகச் சோறு போடும்போதெல்லாம் அவள் அவனைப் பார்த்துவந்த பார்வை அது. எதிரிலிருந்து பார்த்தால் இப்படித்தான் இருக்குமா?

அவன் அடுத்த மேசைக்குப் போய்விட்டான்.

சாயங்காலம் எல்லோரும் சேர்ந்துதான் இறங்கினார்கள். வேலையை முடித்துவிட்டு அவன் முன்னமே போய்விட்டதாக ஃபிளோரா நினைத்திருந்தாள். லிஃப்டில் பரமசிவன் அந்த ஆம்பளை விஷயத்தை மறுபடியும் சொல்லிக் காட்டினார். யாரும் கேட்காத தகவலாக, தான் சின்ன வயதில் திருச்செந்தூர்க் கடலில் எவ்வளவு தூரம் நீந்திப் போனார் என்பதையும் சேர்த்துக்கொண்டார். கதவு திறந்தது.

வாசலுக்கு நேர் எதிரே, படிக்கட்டை மறிப்பதுபோல் ஜேக்கப்பின் பைக் நின்றது. அவன் போகவில்லை. மீந்த ரப்பர் சுருள்களைப் பின்சீட்டில் வைத்துக் கட்டியிருந்தவன், இப்போது அவர்கள் வருவதைப் பார்த்தபடியே கயிற்றை அவிழ்த்தான். ஃபிளோரா கால் நகராமல் நின்றாள். ஆற்றுப் பக்கமிருந்து வந்த காற்று அவள் சேலைத் தலைப்பைத் தூக்கியது.

“என்னவே, இன்னும் கெளம்பலையா? யாருக்காக நிக்கீரு?” என்று கேட்டார் பரமசிவன்.

ஜேக்கப் அவிழ்த்த சுருள்களை ஒவ்வொன்றாகத் தன் தோளில் மாட்டிக்கொண்டான். கறுப்பு வளையங்கள் கழுத்திலிருந்து இடுப்புவரை தொங்கின. பிறகு துண்டை உதறி, காலியான பின்சீட்டின் தூசியை ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை நிதானமாகத் துடைக்க ஆரம்பித்தான்.